பின் சக்கரத்துக்கு டிஸ்க் பிரேக்: போடலாம், பாதியில் நிறுத்தக்கூடாது

கிள்ளான், மேரு, காப்பார் பக்கம் ஃபோர் வீல் வண்டி வைத்திருக்கும் நம் இளைஞர்கள் அடிக்கடி கேட்கும் கேள்வி இது: "பின் சக்கரத்தில் இருக்கும் டிரம் பிரேக்கைக் கழற்றிவிட்டு டிஸ்க் பிரேக் போடலாமா?" பழைய ஹைலக்ஸ், சுசுகி ஜிம்னி, பெரோடுவா கெம்பாரா, அப்பா காலத்து லேண்ட் ரோவர் என வண்டி எதுவானாலும் கேள்வி ஒன்றுதான்.

கேட்பதற்குக் காரணமும் இருக்கிறது. செம்பனைத் தோட்டத்துச் சேற்றிலும் ஆற்றிலும் இறங்கி ஏறிய வண்டி, சாலைக்கு வந்ததும் பிரேக் பிடிக்க மறுக்கிறது. பெடலை மிதித்தால் பின்னால் "கரகர" என்று அரைக்கும் சத்தம் மட்டும் வருகிறது. பழைய சாமான் கடைகளில் ஜப்பானிலிருந்து வந்த ஹாஃப்-கட் வண்டிகளின் டிஸ்க்கும் காலிப்பரும் கிடைக்கின்றன. தெரிந்த ஃபோர்மேன் "ஒரே நாளில் முடித்துத் தருகிறேன்" என்கிறார். பிறகென்ன தயக்கம்?

பதிலை முதலிலேயே சொல்லிவிடலாம். சேற்றிலும் தண்ணீரிலும் அடிக்கடி ஓடும் வண்டிக்குப் பின் டிஸ்க் உண்மையிலேயே நன்மை தரும். ஆனால் "டிஸ்க் போட்டால் வண்டி சீக்கிரம் நிற்கும்" என்பது பெரும்பாலும் நம்பிக்கைதான். டிஸ்க்கை மாட்டிவிட்டு மற்றவற்றை அப்படியே விட்டால், பழைய டிரம்மைவிட ஆபத்தான வண்டியில்தான் குடும்பத்தை ஏற்றிக்கொண்டு போவோம்.

டிரம் ஏன் சேற்றில் தோற்கிறது?

டிரம் பிரேக் ஒரு மூடிய பாத்திரம் போன்றது. உள்ளே இரண்டு பிறை வடிவ ஷூக்கள் இருக்கும். பெடலை மிதித்தால் அவை விரிந்து, சுழலும் டிரம்மின் உட்சுவரில் உரசும். தண்ணீர் உள்ளே போனால் எளிதில் வெளியேறாது. சேறு போனால் அங்கேயே தங்கிக் காய்ந்து, உப்புத்தாள் போல ஷூவையும் டிரம்மையும் தேய்த்துவிடும். சுத்தம் செய்ய வேண்டுமானால் சக்கரத்தையும் டிரம்மையும் கழற்றியாக வேண்டும்.

டிஸ்க் திறந்தவெளியில் சுழல்கிறது. ஒட்டிய தண்ணீரைச் சுழற்சி தூக்கி எறியும். மிச்சத்தைப் பேட் துடைத்துவிடும். ஆற்றைக் கடந்து சில முறை மிதித்தாலே பிடிப்பு திரும்பிவிடும். சூடும் விரைவில் ஆறும். பேட் எவ்வளவு மிச்சம் என்று பெரும்பாலான வண்டிகளில் சக்கரத்தின் இடைவெளி வழியாகவே பார்த்துவிடலாம். நம் நாட்டில் 1997 முதல் மழைக்காலத்துச் சேற்றில் நடக்கும் ரெயின்ஃபாரஸ்ட் சேலஞ்ச் போன்ற போட்டிகளுக்குத் தயாராகும் வண்டிகளுக்கு இது பெரிய வசதி.

ஆனால் டிரம்முக்கும் ஒரு திறமை உண்டு. டிரம் சுழலும்போது முன்பக்க ஷூவைத் தன்னோடு இழுத்து இன்னும் இறுக்கமாகப் பதியவைக்கும். அதனால் குறைந்த அழுத்தத்திலேயே நிறையப் பிடிப்பு கிடைக்கிறது. டிஸ்க்கில் இந்த உதவி கிடையாது. பேட்டை அழுத்தும் வேலை முழுவதும் பிரேக் ஆயிலின் அழுத்தத்தால்தான் நடக்க வேண்டும். இதனால்தான் காலிப்பரின் பிஸ்டன் பெரிதாக இருக்கிறது. இந்த வேறுபாட்டை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வரும் சிக்கல்கள் பலவும் இதிலிருந்துதான் கிளம்புகின்றன.

டிரம் என்றாலே பழசு என்று ஒதுக்கவும் முடியாது. 2018இல் வெளிவந்த இன்றைய ஜிம்னியில் பின்னால் டிரம்தான். ஃபோக்ஸ்வாகன் ஐடி.3, ஐடி.4 என்ற மின்கார்களிலும் பின்னால் டிரம்தான்.

வண்டியை நிறுத்துவது யார்?

பிரேக் போடும்போது நம் உடல் முன்னால் சாய்கிறது அல்லவா? வண்டியின் எடையும் அப்படித்தான் முன் சக்கரங்களுக்கு மாறுகிறது. ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

வண்டியின் எடை 2,000 கிலோ. நிற்கும்போது முன்னால் 1,000, பின்னால் 1,000. முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையே 2.4 மீட்டர். எடையின் மையம் தரையிலிருந்து 70 சென்டிமீட்டர் உயரத்தில். உலர்ந்த தார்ச்சாலையில் அழுத்தமாகப் பிரேக் போட்டால் சுமார் 400 கிலோ முன்னுக்கு நகரும். அந்த நேரத்தில் முன்னால் 1,400, பின்னால் 600. அதாவது நிறுத்தும் வேலையில் பத்தில் ஏழு பங்கை முன் சக்கரங்களே செய்கின்றன.

இதே வண்டிக்கு லிஃப்ட் கிட் போட்டு எடையின் மையம் 10 சென்டிமீட்டர் உயர்ந்தால், பின்னால் மிஞ்சுவது சுமார் 530 கிலோதான். காலி பிக்கப் என்றால் பின்பக்க எடை ஆரம்பத்திலேயே பாதிக்கும் குறைவு. ஆக, வண்டியை உயர்த்த உயர்த்தப் பின் பிரேக்குக்கு வேலை குறைகிறது. அங்கே பிடிப்பைக் கூட்டினால் வண்டி சீக்கிரம் நிற்காது; பின் சக்கரம் சுழலாமல் இறுகி வழுக்கத் தொடங்கும்.

இங்கேதான் உயிர் சம்பந்தப்பட்ட விஷயம் வருகிறது. முன் சக்கரம் முதலில் இறுகினால் வண்டி நேராகச் சறுக்கும். திருப்ப முடியாது, ஆனால் முகம் முன்னோக்கியே இருக்கும். பின் சக்கரம் முதலில் இறுகினால் வண்டியின் வால் பக்கவாட்டில் சுழன்று முன்னே வரப் பார்க்கும். மழை பெய்த சாலையில், வளைவில், பிள்ளைகள் பின்னிருக்கையில் இருக்கும்போது இது நடந்தால் மீட்பது கடினம். அதனால்தான் தொழிற்சாலைகள் எப்போதும் முன் சக்கரம் முதலில் இறுகும்படி பிரேக்கைப் பங்கிட்டு வைக்கின்றன. நாம் பின் பிரேக்கை மாற்றும்போது அந்தப் பங்கீட்டில்தான் கை வைக்கிறோம்.

பெரிய டயர் போட்டவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். 29 அங்குல டயரை எடுத்துவிட்டு 33 அங்குலம் போட்டால், அதே பிரேக் தரையில் தரும் பிடிப்பு சுமார் 12 விழுக்காடு குறைகிறது. இது நான்கு சக்கரத்துக்கும் பொருந்தும். "டயர் மாற்றியதிலிருந்து பிரேக் மந்தம்" என்று வருபவர் முதலில் கவனிக்க வேண்டியது முன் பிரேக்கை. பின் டிரம்மை அல்ல.

மறந்துவிடும் மூன்று விஷயங்கள்

டிஸ்க், காலிப்பர், அவற்றைத் தாங்கும் பிராக்கெட் ஆகிய மூன்றையும் மாட்டியதும் வேலை முடிந்துவிட்டதாகப் பலர் நினைக்கிறார்கள். உண்மையான வேலை அதற்குப் பிறகுதான் இருக்கிறது.

முதலாவது, ஹேண்ட் பிரேக். ஹைலக்ஸ், கெம்பாரா, இன்றைய ஜிம்னி ஆகியவற்றில் ஹேண்ட் பிரேக் அந்தப் பின் டிரம்முக்குள்ளேயே இருக்கிறது. டிரம்மை எடுத்தால் ஹேண்ட் பிரேக்கும் போய்விடும். மலிவாகக் கிடைக்கும் காலிப்பர்கள் பெரும்பாலும் வேறு வண்டியின் முன் சக்கரத்துக்குச் செய்தவை. அவற்றில் ஹேண்ட் பிரேக் வசதி இருக்காது. "கியரில் போட்டு நிறுத்திக்கலாம்" என்று சிலர் சமாதானம் சொல்வார்கள். கேமரன் மலைச் சரிவில் குடும்பத்தை உள்ளே வைத்துவிட்டு வெறும் கியரை நம்பி இறங்கிப் போக முடியுமா?

இதற்குச் சரியான வழிகள் உண்டு. ஹேண்ட் பிரேக் கேபிள் மாட்டும் நெம்புகோல் உள்ள காலிப்பர் வாங்கலாம். டிஸ்க்கின் நடுவே சிறிய டிரம் வைத்து, அதை ஹேண்ட் பிரேக்குக்கு மட்டும் பயன்படுத்தும் அமைப்பும் உண்டு; பல பெரிய ஃபோர் வீல் வண்டிகளில் இது தொழிற்சாலையிலிருந்தே வருகிறது. மூன்றாவது வழி, பழைய லேண்ட் ரோவரில் இருப்பது. அதில் ஹேண்ட் பிரேக் சக்கரத்திலேயே இல்லை. டிரான்ஸ்ஃபர் கேஸின் பின்பக்கம் தனி டிரம்மாக நின்று, பின்னால் போகும் ஷாஃப்டைப் பிடிக்கிறது. அதனால்தான் பழைய லேண்ட் ரோவருக்குப் பின் டிஸ்க் மாற்றுவது மற்ற வண்டிகளைவிட எளிது. அந்த நிறுவனமே 1990களில் டிஃபெண்டருக்குப் பின் டிஸ்க் கொடுத்தபோதும் ஹேண்ட் பிரேக்கை அதே இடத்தில்தான் வைத்திருந்தது.

இந்த மூன்றாவது வகையில் ஒரு எச்சரிக்கை. ஷாஃப்டைப் பிடிக்கும் ஹேண்ட் பிரேக்கை ஓடும்போது இழுக்கக்கூடாது. பின் சக்கரம் ஒன்றை ஜாக்கி வைத்துத் தூக்கினால், டிஃபரன்ஷியல் வழியாக அந்தச் சக்கரம் சுழன்று வண்டி உருண்டுவிடலாம். டயர் மாற்றும்போது மற்ற சக்கரங்களுக்குக் கட்டை வைப்பது கட்டாயம்.

இரண்டாவது, மாஸ்டர் சிலிண்டர். காலிப்பரின் பெரிய பிஸ்டனுக்கு அதிக பிரேக் ஆயில் தேவைப்பட்டால், பழைய மாஸ்டர் சிலிண்டரால் ஒரே மிதியில் அவ்வளவையும் தள்ள முடியாது. பெடல் ஆழமாக இறங்கும். அப்போது சற்றுப் பெரிய மாஸ்டர் சிலிண்டர் வேண்டியிருக்கும். 7/8 அங்குலத்திலிருந்து 15/16 அங்குலத்துக்கு மாறினால் ஒவ்வொரு மிதிக்கும் சுமார் 15 விழுக்காடு கூடுதல் ஆயில் போகும். ஆனால் பெடல் அதே அளவுக்குக் கனக்கும். ஆகவே "பெரியதாகப் போடுவோம்" என்று கண்ணை மூடிக்கொண்டு தேர்ந்தெடுக்கக் கூடாது.

சில பழைய வண்டிகளில் டிரம்முக்காக ஒரு சின்ன வால்வு இருக்கும். பெடலை விட்ட பிறகும் குழாயில் சுமார் 10 பிஎஸ்ஐ அழுத்தத்தை அது பிடித்து வைக்கும். டிரம்முக்குள் ஷூவை இழுக்கும் ஸ்பிரிங் இருப்பதால் அதனால் தொல்லை இல்லை. டிஸ்க்கில் அப்படி ஒரு ஸ்பிரிங் இல்லை. வால்வை அப்படியே விட்டால் பேட் எப்போதும் உரசிக்கொண்டே இருக்கும். சக்கரம் கொதிக்கும், எண்ணெய் கூடச் செலவாகும்.

மூன்றாவது, சுமையைப் பார்த்து அழுத்தத்தை மாற்றும் வால்வு. பல பிக்கப்களின் அடியில் குனிந்து பார்த்தால், பின் அச்சிலிருந்து சேஸிஸில் உள்ள ஒரு வால்வுக்கு ஒரு கம்பி போவது தெரியும். சுமை ஏறி வண்டியின் பின்பக்கம் தாழ்ந்தால் வால்வு பின் பிரேக்குக்கு அழுத்தத்தைக் கூட்டும். காலியாக இருந்தால் குறைக்கும். லிஃப்ட் கிட் போட்டதும் இந்த வால்வு ஏமாந்துபோகிறது. அச்சு தள்ளிப்போனதால் "வண்டி காலி" என்று நினைத்துக்கொண்டு, சுமை இருக்கும்போதும் அழுத்தத்தைக் குறைக்கிறது. பின் பிரேக் பிடிக்கவில்லை என்ற புகாருக்கு இதுவே காரணமாக இருக்கலாம். டிஸ்க் போடாமலே, கம்பியை உயரத்துக்கு ஏற்பச் சரிசெய்து தீர்க்கக்கூடிய பிரச்சினை இது.

சில பட்டறைகள் இந்த வால்வையே எடுத்துவிட்டுக் குழாயை நேராக இணைத்துவிடும். இதைவிட மோசமான வேலை கிடையாது. சுமை இருக்கும்போது பிரேக் அருமையாகப் பிடிக்கும். காலி வண்டியோடு மழையில் போகும் நாளில் வால் சுழலும்.

பெரிய நிறுவனம் இந்த மாற்றத்தை எப்படிச் செய்கிறது என்று பாருங்கள். 2022இல் ஆஸ்திரேலியாவில் ஹைலக்ஸ் ரோக் வகைக்கு டொயோட்டா பின் டிஸ்க் கொடுத்தது. அப்போது டிஸ்க்கை மட்டும் மாட்டி அனுப்பவில்லை. சக்கரங்களுக்கு இடையே உள்ள அகலத்தைக் கூட்டியது, பின்னால் ஸ்டெபிலைசர் பாரும் சேர்த்தது. பிரேக் என்பது தனித்து நிற்கும் பாகமல்ல என்பதற்கு இது நல்ல உதாரணம்.

மாற்றுவதற்கு முன் செய்து பார்க்க வேண்டியவை

பணம் செலவழிப்பதற்கு முன் இருக்கும் டிரம்மை ஒருமுறை கழற்றிப் பாருங்கள். காய்ந்த சேற்றைச் சுத்தம் செய்து, ஷூவின் தடிமனைப் பார்த்து, தானாகச் சரிசெய்துகொள்ளும் அட்ஜஸ்டர் துருவேறி நின்றுபோயிருந்தால் அதை இயங்கவைக்கச் சொல்லுங்கள். வீல் சிலிண்டர் கசிகிறதா, அச்சின் ஆயில் சீல் போய் ஷூவில் எண்ணெய் படிந்திருக்கிறதா என்று பாருங்கள். எண்ணெய் படிந்த ஷூ எத்தனை முறை துடைத்தாலும் பழைய பிடிப்பைத் தராது, மாற்றத்தான் வேண்டும்.

அடுத்தது பிரேக் ஆயில். இது காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். டாட் 3 வகை புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 பாகை செல்சியஸ் வரை கொதிக்காது; ஈரம் சேர்ந்த பிறகு அந்த அளவு 140 பாகைக்கு இறங்கிவிடும். டாட் 4 வகைக்கு அது 230, 155. கெந்திங் மலையிலிருந்து பிரேக்கிலேயே காலை வைத்துக்கொண்டு இறங்கும்போது பழைய ஆயில் கொதித்து ஆவியானால் பெடல் தரையைத் தொடும்; பிரேக் இருக்காது. நம் ஈரப்பதமான ஊருக்கு இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாற்றுவது நல்ல வழக்கம். ஆற்றில் இறங்கும் வண்டிக்கு இன்னும் சீக்கிரம். இறக்கத்தில் தாழ்ந்த கியரில் வருவது எந்த வகைப் பிரேக்குக்கும் பொருந்தும் அறிவுரை.

தண்ணீரைக் கடந்ததும் ஒரு பழக்கம் வேண்டும். பின்னால் வண்டி இல்லை என்று பார்த்துக்கொண்டு, மெதுவாக ஓட்டியபடியே பிரேக்கை லேசாகச் சில முறை மிதியுங்கள். உரசலில் எழும் சூட்டில் ஈரம் காயும். இவ்வளவும் செய்த பிறகும், வாரம் தவறாமல் சேற்றுக்குப் போகிறவருக்கு டிரம் தொல்லை தந்தால், டிஸ்க் பற்றிப் பேசலாம்.

ஃபோர்மேனிடம் கேட்க வேண்டிய கேள்விகள்

ஹேண்ட் பிரேக்குக்கு என்ன வழி? மாஸ்டர் சிலிண்டர் போதுமா? அழுத்தம் குறைக்கும் வால்வை என்ன செய்யப் போகிறீர்கள்? இந்த மூன்றுக்கும் தெளிவான பதில் வராவிட்டால் வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிடுங்கள்.

பிராக்கெட்டை அச்சில் வெல்டிங் செய்யப் போகிறார்களா, இருக்கும் துளைகளில் போல்ட் போட்டு மாட்டப் போகிறார்களா என்றும் கேளுங்கள். இரண்டாவதே நல்லது. காலிப்பர் ரிம்மில் உரசாமல் இடம் இருக்கிறதா? அச்சு முழுதாகத் தொங்கும்போது பிரேக் ஹோஸ் இழுபடாமல் இருக்கிறதா? வண்டியைத் தூக்கிச் சக்கரத்தைத் தொங்கவிட்டுத்தான் இதைப் பார்க்க முடியும்.

ஹாஃப்-கட் சாமான் வாங்குவதில் தவறில்லை. சோதிக்காமல் வாங்குவதுதான் தவறு. காலிப்பரின் பிஸ்டனில் துரு இருக்கக்கூடாது. சீல்களைப் புதிதாக மாற்ற வேண்டும். டிஸ்க் எவ்வளவு மெலிந்தால் தூக்கி எறிய வேண்டும் என்ற அளவு பெரும்பாலும் டிஸ்க்கிலேயே பொறிக்கப்பட்டிருக்கும், அளந்து பாருங்கள். பேட்டும் ஹோஸும் புதியதாகவே இருக்கட்டும்.

ஏபிஎஸ், வழுக்கலைக் கட்டுப்படுத்தும் கணினி ஆகியவை உள்ள புதிய வண்டிகளில் இந்த வேலையைச் செய்ய வேண்டாம் என்பதே என் கருத்து. அந்தக் கணினி தொழிற்சாலை கொடுத்த பிரேக்கை வைத்துக் கணக்குப் போடுகிறது. காலிப்பர் மாறினால் கணக்கும் தப்பும். பின் டிஸ்க் அவசியம் என்றால், 2018இல் வந்த ஃபோர்ட் ரேஞ்சர் ராப்டர் போல அதோடேயே வரும் வண்டியைத் தேடுவது புத்திசாலித்தனம்.

சட்டத்தையும் மறக்கக்கூடாது. 1987ஆம் ஆண்டு சாலைப் போக்குவரத்துச் சட்டமும், வாகன அமைப்பு, பயன்பாடு குறித்த 1959ஆம் ஆண்டு விதிகளும் நம் சாலையில் ஓடும் எல்லா வண்டிக்கும் பொருந்தும். பிரேக்கின் அமைப்பை மாற்றும் முன் ஜேபிஜே அலுவலகத்தில் அனுமதி குறித்துக் கேட்டுக்கொள்ளுங்கள். காப்புறுதி நிறுவனத்துக்கும் எழுத்தில் தெரியப்படுத்துங்கள். விபத்துக்குப் பிறகு "சொல்லவே இல்லையே" என்ற பேச்சு வரக்கூடாது. மாற்றிய பாகங்களின் ரசீதுகளைப் பத்திரமாக வைத்திருங்கள்.

முடித்த பிறகு

வேலை முடிந்த அன்றே நெடுஞ்சாலைக்கு ஏறாதீர்கள். புதிய பேட்டும் டிஸ்க்கும் ஒன்றோடொன்று பதிய, மிதமான வேகத்தில் பலமுறை மெதுவாகப் பிரேக் போட்டு ஓட்ட வேண்டும்.

பிறகு ஆள் நடமாட்டமில்லாத, அகலமான, மூடப்பட்ட இடத்துக்கு வண்டியைக் கொண்டுபோங்கள். சரக்கு எதுவும் வேண்டாம். காலி வண்டிதான் பின் சக்கரம் இறுகுவதைக் காட்டிக்கொடுக்கும். 30 கிலோமீட்டர் வேகத்தில் அழுத்திப் பிரேக் போடுங்கள். வெளியே ஒருவர் பாதுகாப்பான தூரத்தில் நின்று எந்தச் சக்கரம் முதலில் இறுகுகிறது என்று பார்க்கட்டும். முதலில் உலர்ந்த தரையில், பிறகு ஈரத் தரையில். பின் சக்கரம் முந்தினால் அந்த வண்டி சாலைக்குத் தயாராகவில்லை, பட்டறைக்கே திரும்பட்டும். அடுத்து ஒரு சரிவில் கியரை நியூட்ரலில் வைத்து, ஹேண்ட் பிரேக்கை மட்டும் நம்பி நிறுத்திப் பாருங்கள். ஓட்டுநர் இருக்கையில் ஆள் இருக்கட்டும், கால் பெடலின் மேல் தயாராக இருக்கட்டும். முகம் ஏற்றத்தைப் பார்த்தபடி ஒருமுறை, இறக்கத்தைப் பார்த்தபடி ஒருமுறை.

ஒரு வாரம் ஓட்டிய பிறகு எல்லா போல்ட்டையும் மீண்டும் இறுக்கிப் பார்க்கச் சொல்லுங்கள். ஹோஸ் இணைப்புகளில் கசிவு இருக்கிறதா, ஆயில் மட்டம் இறங்கியிருக்கிறதா என்று நீங்களே பாருங்கள். சிறிது தூரம் ஓட்டி நிறுத்திவிட்டு நான்கு சக்கரத்தின் அருகிலும் கையைக் கொண்டுபோங்கள், தொட வேண்டாம். ஒரு பின் சக்கரம் மட்டும் அனலாக அடித்தால், அங்கே பேட் விடாமல் உரசிக்கொண்டிருக்கிறது என்று பொருள். அதைச் சரிசெய்த பிறகு பிள்ளைகளை ஏற்றிக்கொள்ளுங்கள்.